வீடு துடைத்த ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளின் பெரியம்மா வருகிறாள் என்று தெரிந்ததும் மெக்கானிக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவி இறந்து எட்டு மாதம். "புள்ளைங்கள எங்கிட்ட விட்டுடுங்க தம்பி, தனி ஆளா உங்களால முடியாது" என்று அவளுடைய அக்கா போனில் மூன்று தடவை சொல்லிவிட்டாள். வீடு பளிச்சென்று இருந்தால் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டாள் என்று இவன் நம்பினான்.

லாரி எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிற ஆளுக்கு ஒரு போர்வையை ஒழுங்காக மடிக்கத் தெரியாது. அதனால் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டான். ஐந்து வயதுப் பொடியன் இரண்டு கையிலும் ஈரச் சாக்ஸை மாட்டிக்கொண்டு நாற்காலிக் கால்களைத் துடைத்தான். துடைத்ததைவிட நனைத்ததுதான் அதிகம். ஒன்பது வயது மகளுக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குளியலறை மூலைகளைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, "தரை காயற வரைக்கும் யாரும் உள்ள வரக்கூடாது!" என்று அதட்டினாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் அப்படியொரு அதட்டலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

பெரியம்மா வந்தாள். குறை கண்டுபிடிக்கவே வாய்த்த கண் அவளுக்கு. ஜன்னல் கம்பியில் விரலை ஓட்டிப் பார்த்தாள். தூசி இல்லை.

"பரவாயில்லையே!" என்றாள். மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எல்லாம் நான்தான் பெரியம்மா." மகளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"யாரும்மா சொல்லிக் கொடுத்தாங்க?"

"நானே கத்துக்கிட்டேன். தினமும் பாத்திரம். வியாழக்கிழமை துணி. அது ரொம்ப நேரமாகும், அதனால அன்னிக்கு மட்டும் ஸ்கூலுக்குப் போக மாட்டேன். உடம்பு சரியில்லன்னு மிஸ்கிட்ட சொல்லிடுவேன்."

மெக்கானிக் உட்கார்ந்துவிட்டான். இத்தனை மாதமும் அலமாரியில் துவைத்த சட்டை இருந்தது, எடுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். சாயங்காலங்களில் துவைக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தானே தவிர, ஒரு நாளும் கேட்டதில்லை. பாவி, கேட்கத் தோன்றவே இல்லை.

பெரியம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. குழந்தையின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். சோப்புத்தூள் பட்டுப் பட்டு விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது. பெரியம்மா அழுதாள்.

"கூட்டிட்டுப் போங்கக்கா" என்றான் அவன். எந்த வார்த்தைக்குப் பயந்து காலையிலிருந்து வீட்டைத் தேய்த்தானோ, அதைக் கடைசியில் அவன் வாயாலேயே சொன்னான்.

சாயங்காலம் பைகளோடு கிளம்பினார்கள். பொடியனுக்கு பஸ்ஸில் போகிற குஷி. மகள் மட்டும் வாசலைத் தாண்டவில்லை.

"எங்க அழுக்கு இருந்துச்சுப்பா?" என்று கேட்டாள். "சொல்லுப்பா, இப்பவே தேய்ச்சுடறேன்."

அவன் மண்டியிட்டு அவளை அணைத்துக்கொண்டான். "எங்கயும் இல்லம்மா."

அவள் நம்பவில்லை. அவன் தோளுக்கு மேலாக எட்டி, தரையையே பார்த்துத் தேடிக்கொண்டிருந்தாள்.