ரோலி மாமா சிவப்புக்குப் போன ஞாயிறு

இரண்டாம் வகுப்பு தொடங்கிய முதல் வாரமே மிஸ் ஹால்வர்சன் ஒரு மஞ்சள் தாளை வீட்டுக்கு அனுப்பினார். இரு பக்கமும் அச்சிட்ட தாள். வீட்டுப்பாடம் எப்படிச் செய்ய வேண்டும், குழந்தையும் குடும்பமும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. அடியில் பெற்றோர் கையெழுத்து. நான் அப்போது அடுப்பில் மக்ரோனி கிளறிக்கொண்டிருந்தேன். கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். என் கணவர் லைல் வெளியே காரின் மீது வைத்துப் போட்டார். இருவரும் ஒரு வரி படிக்கவில்லை. எங்கள் ஊர் டெல்வினில் யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

எங்கள் மகள் ஹேட்டி படித்தாள். போன வருடம்தான் அவளுக்கு நன்றாகப் படிக்க வந்தது. அதிலிருந்து காலை உணவுத் தானியப் பெட்டியின் பின்பக்கத்தைக்கூட விடுவதில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் லைல் உருளைக்கிழங்குப் பாத்திரத்துக்குக் கையை நீட்டினார்.

"அப்பா, கையத் தூக்கிட்டு கேக்கணும்."

"நீட்டித்தானே இருக்கேன்?"

"நீட்டறது வேற, தூக்கறது வேற. 'பள்ளியில் உள்ள பழக்கங்களை வீட்டிலும் கடைப்பிடிப்போம்'னு போட்டிருக்கு. நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்க."

லைல் என்னைப் பார்த்தார். நான் உருளைக்கிழங்கைப் பார்த்தேன். அவர் கையைத் தூக்கினார். ஹேட்டி சற்று யோசித்துவிட்டு, "சொல்லுங்க அப்பா" என்றாள்.

மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது குளிர்பெட்டிக் கதவில் ஓர் அட்டை தொங்கியது. மேலே பச்சை, நடுவில் மஞ்சள், கீழே சிவப்பு. வகுப்பில் இருப்பதைப் பார்த்து அவளே வண்ணம் தீட்டியது. ஓரத்தில் பெயர் எழுதிய துணிக்கிளிப்புகள்: அப்பா, அம்மா, ஹேட்டி, ரோலி மாமா, எங்கள் நாய் பிஸ்கட். தப்புச் செய்தால் கிளிப் கீழே இறங்கும். நாள் முழுக்கப் பச்சையிலேயே இருந்தது பிஸ்கட் மட்டும்தான். அது சாப்பிடும்போது பேசுவதில்லை, வீட்டுப்பாடத்தில் தலையிடுவதும் இல்லை.

நான் தலையிட்டேன். புதன்கிழமை எனக்குக் காலெல்லாம் வலி. பகல் முழுக்கப் பல் மருத்துவமனையில் நின்றபடி ஊராருடைய பற்களைச் சுத்தம் செய்கிறவள் நான். ஹேட்டி ஒரு கழித்தல் கணக்கை வைத்துக்கொண்டு விரலை மடக்கி மடக்கி நிமிர்த்திக்கொண்டிருந்தாள். "எட்டு" என்றேன். அவ்வளவுதான். எழுந்து போய் என் கிளிப்பை மஞ்சளுக்கு இறக்கினாள்.

"வீட்டுப்பாடம் குழந்தையுடையது, உதவுங்கள், செய்யாதீர்கள்னு இருக்கும்மா."

"ஒதவிதானே செஞ்சேன்?"

"எட்டுன்னு சொல்லிட்டீங்க. அது ஒதவி இல்ல. விடை."

இதையெல்லாம் நானும் லைலும் எப்படியோ சமாளித்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைதான் பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என் தம்பி ரோலண்ட் வருவான்.

ரோலிக்கு நாற்பத்தொரு வயது, ஆறடிக்கு மேல் உயரம், கல்யாணம் ஆகவில்லை. வண்டிக் கொட்டகைகளுக்குக் கதவு மாட்டுவது தொழில். நாள் முழுக்க இரும்புச் சத்தத்துக்கு நடுவே கத்திப் பழகியவன். உப்பு கேட்டால்கூடப் பக்கத்துத் தெருக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்துப் பருவம் தொடங்கினால் ஞாயிறு மதியம் எங்கள் சோபாவில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பான். பார்ப்பான் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர், நடுவர் எல்லோரும் எங்கள் கூடத்தில் நிற்பதுபோல அவர்களோடு சண்டை போடுவான்.

முதல் மூன்று ஞாயிறுகள் மஞ்சளோடு தப்பித்தான். அந்த மூன்றிலும் எங்கள் அணி ஜெயித்தது.

அக்டோபரில் ஒரு ஞாயிறு. ஆட்டத்தின் கடைசி நிமிடங்கள். எங்கள் ஆள் பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டி விழுந்து புள்ளி எடுத்துவிட்டான். ரோலி எழுந்து நின்று கையைத் தூக்கிவிட்டான். அப்போது பார்த்து நடுவர் ஒரு மஞ்சள் துணியைத் தரையில் வீசினார். விதிமீறலாம், புள்ளி செல்லாதாம். ரோலி நடுவரின் தாயையும், கண்களையும், அவர் பரம்பரையில் கலந்த ஒரு விலங்கையும் சேர்த்து ஒரே வாக்கியமாகச் சொன்னான். அந்த வாக்கியத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. பிஸ்கட் மேசைக்கடியில் போய்விட்டது.

ஹேட்டி சமையலறையில் எழுத்துப்பயிற்சி செய்துகொண்டிருந்தாள். பென்சிலை வைத்துவிட்டு வந்து தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றாள்.

"ரோலி மாமா. சிவப்பு."

"கண்ணு, கொஞ்சம் தள்ளு. இன்னும் ஒரு நிமிஷந்தான் இருக்கு."

"சிவப்புன்னா யோசிக்கிற நாற்காலி. அப்புறம் வீட்டுக்கு போன் பண்ணணும்."

"யாரு வீட்டுக்கு?"

"உங்க வீட்டுக்கு."

"எங்க வீட்ல யாரு இருக்கா? ஒரு பிரிட்ஜ் இருக்கு. அதுக்குப் போன் எடுக்கத் தெரியாது."

லைல் சிரித்தார். சிரித்ததற்காக அவருடைய கிளிப்பும் இறங்கியது. ரோலி கெஞ்சிப் பார்த்தான், ஐஸ்க்ரீம் பேரம் பேசிப் பார்த்தான். கடைசியில் மூலையில் இருந்த மர நாற்காலியில் போய் உட்கார்ந்தான். அங்கிருந்து பார்த்தால் தொலைக்காட்சியின் முதுகுதான் தெரியும்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் ஹேட்டி மஞ்சள் தாளை எடுத்து வந்தாள். அதன் கடைசி வரியில், சந்தேகம் இருந்தால் எந்த நாளும் இரவு எட்டு மணி வரை அழைக்கலாம் என்று மிஸ் ஹால்வர்சன் தம் எண்ணைக் கொடுத்திருந்தார். நான் ஓடி வருவதற்குள் ஹேட்டி என் கைபேசியில் எண்ணை அழுத்திவிட்டாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒலிபெருக்கியையும் போட்டுவிட்டாள்.

இரண்டு முறை மணி அடித்தது. அந்தப் பக்கம் எடுத்தார்கள். ஹலோ வரவில்லை.

"டேய் குருட்டுப் பயலே! எங்கடா புடிச்சான் அவன? எந்தக் கையால புடிச்சான்? கண்ணாடி வாங்கிப் போடுடா, நான் காசு தர்றேன்!"

பிறகு அதே வாயிலிருந்து தேன் மாதிரி ஒரு குரல்:

"ஹலோ, மிஸ் ஹால்வர்சன் பேசறேன்."

ஹேட்டியின் முகம் வெளுத்துவிட்டது.

"டீச்சர்... நீங்க மெதுவா, வீட்டுக்குள்ள பேசற குரல்ல பேசல."

அந்தப் பக்கம் யாரோ தொலைக்காட்சியை அவசரமாக அணைத்தார்கள்.

"ஹேட்டியா?"

"ஆமா டீச்சர்."

"ஹேட்டி, நான்... ஆமா. நீ சொல்றது சரிதான். அது வெளில பேசற குரல். என்னம்மா விஷயம்?"

"எங்க ரோலி மாமா சிவப்புக்குப் போயிட்டாரு. அவங்க வீட்ல யாரும் இல்ல, அதான் உங்களக் கூப்பிட்டேன்."

"அப்படி என்ன சொன்னாரு?"

ஹேட்டி ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பக்கம் இருமல் மாதிரி ஏதோ கேட்டது, ரொம்ப நேரம்.

"அது சிவப்புதாம்மா" என்றார் மிஸ் ஹால்வர்சன் ஒருவழியாக. "சந்தேகமே இல்ல. ஆனா ஒண்ணு. அந்த நடுவரைப் பத்தி உங்க மாமா நெனச்சது தப்பில்ல. சொன்ன விதந்தான் தப்பு."

"கேட்டியா!" என்று ரோலி மூலையிலிருந்து கத்தினான்.

"நாற்காலில இருக்கறவங்க பேசக் கூடாது!" என்றார்கள் ஆசிரியையும் மாணவியும் ஒரே நேரத்தில்.

வகுப்பில் சிவப்புக்குப் போகிறவர்கள் எழுதித் தர ஒரு தாள் உண்டு. நான் என்ன செய்தேன், ஏன் செய்தேன், அடுத்த முறை என்ன செய்வேன், மூன்று கேள்வி. ஹேட்டியிடம் உபரியாக ஒன்று இருந்தது. ரோலி அதைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தச்சர் பென்சிலால் எழுதினான். வீட்டுப் பெரியவர் கையெழுத்தை லைல் போட்டார். திங்கட்கிழமை அது ஹேட்டியின் பையில் பள்ளிக்குப் போனது.

அன்று சாயங்காலம் அவள் பேருந்திலிருந்து இறங்கியதும் சொன்ன முதல் சேதி, வகுப்பு அட்டையில் ஒரு புதுக் கிளிப் வந்திருக்கிறது என்பது. மிஸ் ஹால்வர்சன் தம் பெயரை எழுதி, எல்லாப் பிள்ளைகளும் பார்க்கத் தாமே அதை மஞ்சளில் மாட்டினாராம். எதற்கென்று பிள்ளைகள் கேட்டபோது, "ஹேட்டிக்குத் தெரியும்" என்றாராம். ஹேட்டி அன்றைக்கு ஓர் அங்குலம் வளர்ந்த மாதிரி நடந்தாள்.

செவ்வாய்க்கிழமை ரோலியின் தாள் திரும்பி வந்தது. பக்கம் முழுக்கச் சிவப்பு மை. எழுத்துப்பிழைகளுக்கு வட்டம். 'ஏன் செய்தேன்' என்பதற்கு அவன் 'தோத்துட்டோம்' என்று எழுதியிருந்தான். பக்கத்தில், 'இது காரணம் அல்ல, இது முடிவு. முழு வாக்கியமாக எழுதவும். மீண்டும் எழுதிவரவும்.'

"இந்தம்மா யாருன்னு நெனச்சுக்கிட்டிருக்கு?" என்றான் ரோலி.

"டீச்சருன்னு" என்றேன்.

"எனக்கு நாப்பத்தோரு வயசு, அக்கா."

"அப்ப எழுதாத. யாரு உன்ன அடிக்கப் போறா?"

மறுபடி எழுதினான். பள்ளியில் படித்த காலத்தில் எதையும் இரண்டாம் முறை எழுதியவன் இல்லை அவன். முதல் முறையே எழுதியதை நாங்கள் பார்த்ததில்லை. அதுவும் திரும்பி வந்தது, இந்த முறை குறைந்த வட்டங்களோடு. 'முன்னேற்றம் தெரிகிறது. ஆனால் மூன்றாவது ஆட்டத்தில் பயிற்சியாளர் செய்தது சரி என்று நீங்கள் சொல்வதை ஏற்க முடியாது' என்று அடியில் எழுதியிருந்தது. மூன்று கேள்வித் தாளில் இவன் எதற்குப் பயிற்சியாளரைப் பற்றி எழுதினான் என்று நான் கேட்கவில்லை. மூன்றாவது முறைக்கு அவன் தாளைத் தன் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போனான். இரண்டு வாரம் ஆயிற்று.

நவம்பரில் பெற்றோர் சந்திப்பு. எங்கள் கார் பழுது பார்க்கப் போயிருந்ததால் ரோலிதான் தன் வண்டியில் கொண்டுவிட்டான். வேலை உடையில் இல்லை. கட்டம் போட்ட சட்டையை இஸ்திரி போட்டு அணிந்திருந்தான். லைல் என் முழங்கையை இடித்தார்.

மிஸ் ஹால்வர்சனை நான் அதுவரை பள்ளி வாசலில் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன். முப்பத்தெட்டு இருக்கும். குட்டை முடி, நேரான முதுகு. ஹேட்டியின் வாசிப்பு நன்றாக இருக்கிறது, கழித்தலில் கவனம் வேண்டும் என்றார். என்னைப் பார்த்து, "விடை சொல்லிடாதீங்க" என்றார். ஹேட்டி அதையும் சொல்லியிருக்கிறாள். நாங்கள் எழுந்தபோது கேட்டார்:

"உங்க தம்பி மூணாவது தடவ எழுதினது இன்னும் வரலையே?"

"கொண்டு வந்திருக்கேன்" என்றது கதவருகே ஒரு குரல்.

வண்டியில் இருக்கிறேன் என்று சொன்னவன் நடைக்கூடத்தில்தான் நின்றிருக்கிறான். உள்ளே வந்து தாளை நீட்டினான். அவர் எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார். ஏழு வயதுப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலி அது. ரோலி உட்கார்ந்தபோது முழங்கால்கள் காது வரைக்கும் வந்தன. அவர் நிதானமாகப் படித்தார். சிவப்புப் பேனாவைத் திறந்தார், மூடினார்.

"பிழை ஒண்ணும் இல்ல."

"அகராதி பாத்தேன்."

"ஆனா இந்தப் பயிற்சியாளர் விஷயம்..."

அங்கே தொடங்கியது. நானும் லைலும் மரியாதைக்காக, நன்றித் திருநாளுக்குப் பிள்ளைகள் வெட்டிச் சுவரில் ஒட்டியிருந்த காகித வான்கோழிகளைப் பார்த்தோம், எல்லாவற்றையும் பார்த்து முடித்தோம், மறுபடி முதலிலிருந்து பார்த்தோம். அடுத்த முறைக்குக் காத்திருந்த பெற்றோர் வாசலில் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். மிஸ் ஹால்வர்சன் மணியைப் பார்த்துவிட்டுச் சட்டென்று முதுகை நிமிர்த்திக்கொண்டார். ரோலி எழுந்திருக்கவில்லை. நாற்காலி இடுப்பைப் பிடித்துக்கொண்டது ஒரு காரணம். காது சிவக்க, மெதுவாகக் கையைத் தூக்கினான்.

"சொல்லுங்க, ரோலண்ட்."

"ஞாயித்துக்கெழம எங்க அக்கா சில்லி செய்வாங்க. நெறய செய்வாங்க. நீங்களும் ஆட்டம் பாக்க வரலாமான்னு..."

இறைச்சியும் பீன்ஸும் போட்ட அந்தக் காரக் குழம்பை நான் ஞாயிற்றுக்கிழமை செய்வதாக எனக்கே அப்போதுதான் தெரியும்.

மிஸ் ஹால்வர்சன் என்னைப் பார்த்தார். "ஆமா, நெறய செய்வேன்" என்றேன்.

வந்தார். கையில் எலுமிச்சைக் கேக் தட்டு. முதல் கால் மணி நேரம் சோபா நுனியில் உட்கார்ந்து மெல்லிய குரலில் "அடடா" என்றார். பிறகு எதிரணிக்காரன் எங்கள் ஆளைக் கழுத்தைப் பிடித்து இழுத்தான். நடுவர் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ரோலி பேச இடமே கிடைக்கவில்லை. ஹேட்டி சமையலறை வாசலில் நின்று தன் ஆசிரியையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் என்னிடம் வந்து ரகசியமாகக் கேட்டாள்:

"அம்மா, இவங்க ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வருவாங்களா?"

"தெரியாது கண்ணு. ஏன்?"

"வந்தா நான் ஞாயித்துக்கெழமையும் ஒழுங்கா இருக்கணுமே."

இடைவேளையில் மிஸ் ஹால்வர்சன் சில்லிக் கிண்ணத்தோடு அவள் பக்கம் திரும்பினார். "இன்னிக்கு வாசிச்சாச்சா ஹேட்டி?" ஹேட்டி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

அன்று தோற்றோம். வெளியே பனி தூறத் தொடங்கியிருந்தது. ரோலி அவரைக் கார் வரைக்கும் கொண்டுவிடப் போனான். காருக்குள் யாரும் ஏறவில்லை. கண்ணாடி வழியே பார்த்தால், தோற்றதற்கு யார் காரணம் என்று இருவரும் கையை வீசி வீசிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ரோலியின் தொப்பியில் பனி ஏறியது. அவர் பேச்சை நிறுத்தாமலே கையை உயர்த்தி அதைத் தட்டிவிட்டார்.

மாடியிலிருந்து இறங்கி வந்த ஹேட்டி எனக்கும் லைலுக்கும் நடுவே மூக்கைக் கண்ணாடியில் ஒட்டினாள்.

"யாருப்பா ஜெயிக்கறாங்க?"

"டீச்சர்தான்னு நெனக்கறேன்" என்றார் லைல். "ஆனா மாமாவுக்கு வருத்தமா இருக்கற மாதிரி தெரியல."