நவ்யாவின் ஈரக்கை

கிட்ட வாங்க கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உக்காருங்க, கடைசியில் இருக்கிற பிள்ளைக்கும் கேக்கட்டும். ஒரு கையோட கதை சொல்றேன். முதல் தடவை கேட்டப்ப எனக்கு அருவருப்பா இருந்தது. ஆனாலும் சொல்லத்தான் வேணும்.

பீளமேட்டில் சென்னகேசவன்னு ஒருத்தர். கீழே லேத் பட்டறை, மேலே வீடு. அவருக்கும் பிந்துவுக்கும் ஒரே மகள் நவ்யா. நாலாம் வகுப்பு. அந்தப் பிள்ளைக்கு உள்ளங்கை எந்நேரமும் வேர்க்கும், மார்கழிக் குளிரிலும் வேர்க்கும். "சில பிள்ளைகளுக்கு இப்படி இருக்கும், யாருக்கும் ஒட்டாது"ன்னு டாக்டர் சொல்லியாச்சு. ஆனால் அவள் எழுதினால் தாள் ஊறிப்போகும். எழுத்து, குடிச்சவன் நடை மாதிரி கோட்டுக்கு மேலேயும் கீழேயும் ஆடும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்து தேறினால்தான் கையில் பேனா. மத்தவங்க எல்லாம் பேனாவுக்குப் போய்விட்டார்கள். நவ்யா மட்டும் பென்சில். "பென்சில் பாப்பா"ன்னு பேரே வெச்சுட்டாங்க. வர்ற வெள்ளிக்கிழமை ஒரு பக்கம் சுத்தமாக எழுதிக் காட்டணும். இல்லாவிட்டால் வருஷம் முழுக்கப் பென்சில்தான்னு வகுப்பு டீச்சர் லோகப்பிரியா சொல்லிவிட்டாள். அந்த டீச்சரே சாயங்காலம் தன் வீட்டில் கையெழுத்து டியூஷனும் எடுப்பாள்.

அந்த வாரத்தில் ஒருநாள் பிந்து, டியூஷனுக்குப் போன மகளைக் கூப்பிடக் கொஞ்சம் முன்னாலேயே போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். டீச்சர் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடிச்சு எழுத வெச்சுக்கிட்டு இருந்தாள். நவ்யா முறை வந்ததும் ஒரு டிஷ்யூவை எடுத்து, அதை வெச்சுத்தான் அவள் விரலைப் பிடிச்சாள். எழுதி முடிச்சதும் டிஷ்யூவை ரெண்டு நகத்தால் தூக்கிக் குப்பையில் போட்டாள். அப்புறம் சானிடைசர், முழங்கை வரைக்கும்.

"மிஸ், எனக்கும் ஊத்துங்க மிஸ், நான் இவ பக்கத்துல உக்காந்திருக்கேன்"ன்னு யஷ்வந்த்னு ஒரு பொடியன் கையை நீட்டினான். பிள்ளைகள் சிரிச்சாங்க. டீச்சரும் சிரிச்சுக்கிட்டே ஊத்தினாள்.

பிந்துவைப் பார்த்ததும், "வாங்கக்கா, உள்ள வாங்க, காப்பி குடிக்கறீங்களா? பாப்பா தங்கமான பாப்பாங்க. அந்தக் கைதான்... தப்பா நெனைச்சுக்காதீங்க" என்றாள். வார்த்தைக்கு வார்த்தை மரியாதை. பாயசத்தில் பல்லி கிடக்கிற மாதிரி ஒரு மரியாதை.

பிந்து மகளைக் கூட்டிக்கிட்டு வந்தாள். மெயின் ரோட்டைத் தாண்டக் கையை நீட்டினாள். நவ்யா தன் கையைப் பாவாடையில் அழுத்தித் துடைச்ச பிறகுதான் கொடுத்தாள். ரோட்டைத் தாண்டினதும் பிந்துவின் கை தன்னால் துப்பட்டாவுக்குப் போய் ஈரத்தைத் துடைச்சது. பிள்ளை அதைப் பார்த்தாள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கிட்டு நடந்தாள்.

'சீ'ன்னு ஆயிருச்சு பிந்துவுக்கு. டீச்சர் மேல் வந்த அருவருப்பை விட, தன் கை மேல் வந்ததுதான் பெரிசு.

வீட்டுக்கு வந்து, "எழுது கண்ணு, நான் பாக்கறேன்" என்று பக்கத்தில் உக்காந்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. நவ்யா கையைத் தாளில் ஊன்றவே இல்லை. அந்தரத்தில் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே எழுதினாள். கை நடுங்கியது, எழுத்தும் நடுங்கியது.

"ஏங்கண்ணு, கையை ஊன்றலாமல்ல?"

"ஊன்றினா பேப்பர் நனைஞ்சிரும்மா. அப்புறம் மிஸ் நோட்டைத் தொட மாட்டாங்க."

பிந்து விடுவிடுன்னு பட்டறைக்கு இறங்கினாள். அங்கே மெஷின் துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட் துணி மூட்டையாகக் கிடக்கும்.

"ஏனம்மணி, என்னத்த அந்தக் கிளறு கிளறறே?" என்றார் சென்னகேசவன்.

"எண்ணெய் படாத வெள்ளைத் துணியா வேணுங்க, உங்க மகளுக்கு. தண்ணி உறிஞ்சோணும்."

அவரும் குனிஞ்சு தேடிக்கொடுத்தார். ஒரு கீத்தைப் பென்சிலில் சுத்தினாள். இன்னொரு துண்டை மடிச்சு உள்ளங்கைக்குக் கீழே வெச்சாள். "இதுமேல நல்லா அழுத்தி ஊன்று. வரி இறங்க இறங்கத் துணியும் இறங்கட்டும். நனைஞ்சா மாத்திக்கலாம், மூட்டையே இருக்குது." கை உக்காந்தது. ரெண்டு மூணு நாளில் எழுத்தும் கோட்டில் உக்காந்தது.

வெள்ளிக்கிழமை டீச்சர், நவ்யா எழுதிக் கொண்டுபோன பக்கத்தை ஓரத்தில் பிடிச்சுத் தூக்கிப் பார்த்தாள். "இது யார் எழுதினது?" வகுப்புக்கு முன்னால் மறுபடி எழுதச் சொன்னாள். நவ்யா துணியை விரிச்சுக் கையை ஊன்றி எழுதினாள். அதே எழுத்து.

மத்த பிள்ளைகள் தேறினப்பல்லாம் பேனாவைக் கையில் வெச்சு, கை குலுக்கிக் கொடுத்தவள், இவளுக்கு மட்டும் மேசை ஓரத்தில் வெச்சாள். தூ! படிச்ச கை.

"பேனா கெடைச்சிருச்சும்மா, மேசையில வெச்சாங்க" என்றாள் நவ்யா, பள்ளிக்கூட வாசலில். சொல்லிக்கிட்டே கையைப் பாவாடைக்குக் கொண்டு போனாள்.

"தொடைக்காத கண்ணு. அப்படியே குடு."

வீடு வரைக்கும் ரெண்டு கைக்கும் நடுவில் ஈரம். பிந்து துப்பட்டாவைத் தொடவே இல்லை.

போயிட்டு வாங்க கண்ணுகளா. உங்க ஊட்டுல எந்தப் பிள்ளையும் கையை ஒளிச்சுக்கிட்டு நடக்காம இருக்கோணும். நீட்டின கையை முகம் சுளிக்காமப் பிடிக்க, உங்க ஊட்டுல எப்பவும் ஆள் இருக்கோணும். நல்லா இருங்க.