கால்வாயில் மார்ஜானா

வலது காலுக்கு வைக்கோல் போதவில்லை. யாகோடா தரையில் குத்தவைத்து, மிஞ்சியிருந்த ஒரு பிடியை முறுக்கி, சாக்குத் துணிக்குள் மரக்கரண்டியால் இடித்து இடித்து இறக்கினாள். விடிந்ததும் மூன்று மணி நேரம் வங்கிக் கட்டடத்தில் கழிப்பறை கழுவிவிட்டு வந்த கை அது. மதியத்துக்குமேல் அதே கை பொம்மை செய்யும். பெர்லினின் நொய்கோல்ன் பகுதியில் ஒரு பழைய செருப்புக் கடையின் பின்னறைதான் அவள் பட்டறை. போலந்திலிருந்து பெர்லினுக்கு வந்து துடைக்கிற, பூசுகிற, கிழடுகளைக் குளிப்பாட்டுகிற சனங்கள் ஊர்வலம் போகும்போது தூக்கிக்கொண்டு போகிற காகிதக்கூழ்த் தலைகள் சுவரெல்லாம் தொங்கின. போன வருஷம் செய்த வீட்டுக்காரன் தலை மட்டும் கதவைவிடப் பெரிதாகிவிட்டதால் இன்றுவரை வெளியே போகவில்லை. அறையில் பாதியை அடைத்துக்கொண்டு, வாடகை கொடுக்காமல் காலம் தள்ளுகிறது.

அதன் மூக்கின் மேல் சாய்ந்துகொண்டு லுட்விகா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். மீன் ஆலையில் இருபத்திரண்டு வருஷம் பனிக்கட்டியில் அளைந்த விரல்கள். ஊசி ஏறினால் ரத்தம் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. புருஷன் செவெரின் மருத்துவமனையில் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாமல் கிடந்தான். இடது கட்டைவிரல் மட்டும் சில நாள் காலையில் லேசாகத் துடித்தது. அது துடிக்கிற நாளில் அவள் சாப்பிட்டாள்.

செவெரின் பூச்சுக்காரன். சாரத்தின் மூன்றாம் தட்டிலிருந்து விழுந்தான். விழுந்ததைப் பார்த்தவர்கள் ஏழு பேர். அதில் ஒருவன் ப்ரோனெக். இப்போது ஜன்னலோரம் நின்று, பொம்மைக்கு ஒரு பழைய தலைக்கவசத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மறுபடி சொல்லு," என்றாள் லுட்விகா.

"எத்தன தடவக்கா சொல்றது?"

"நான் எத்தன தடவ கேக்கறேனோ அத்தன தடவ."

ப்ரோனெக் கவசத்தைக் கீழே வைத்தான். "ஆம்புலன்ஸ் கூப்புடலாம்னேன். மேஸ்திரி வேணாம்னுட்டான். அவங்க வந்தா போலீஸ் வரும், போலீஸ் வந்தா வேலை நிக்கும்னான். முதல்ல மேல போட்டிருந்த கம்பெனி சட்டைய உருவினான். அப்புறம் நாலு பேரு தூக்கி வேன்ல முன் சீட்டுல உக்கார வெச்சோம். தலை நிக்கல. வழியெல்லாம் பள்ளம். பின்னாலேந்து நான் தலையப் புடிச்சிக்கிட்டுதான் வந்தேன், ஆனா வளைவுல கை நழுவிடுச்சு. பெல்ட் போட்டுவிட்டான் அந்த மகராசன், அதையும் சொல்லணும்."

மருத்துவமனை வாசலில் சக்கர நாற்காலியில் இறக்கிவிட்டு, சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சொன்னால் போதாது என்று மேஸ்திரிக்குப் பட்டிருக்க வேண்டும். அரைமணி கழித்துத் திரும்பி வந்து, வாசலில் ஒரு சைக்கிளையும் நிறுத்திவிட்டுப் போனான். முன்னால் பூக்கூடை வைத்த பெண்கள் சைக்கிள். செவெரினுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

மருத்துவமனைத் தாளில் சைக்கிள்தான் ஏறியது. வேலையில் விழுந்தவன் என்று ஒரு தாள் இருந்தால், வேலை விபத்துக்கென்றே இருக்கிற மருத்துவமனையில் ஒரு வருஷம் வைத்துப் பயிற்சி கொடுத்து, ஒரு கையையாவது எழுப்பிப் பார்ப்பார்கள். சைக்கிளில் விழுந்தவனை ஏப்ரல் முதல் வாரம் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஊரில் அவர்கள் வீடு நாலாம் மாடி, லிஃப்ட் கிடையாது. லுட்விகா நாலு அலுவலகம் ஏறி இறங்கினாள். நாலிலும் ஒரே கேள்விதான். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் அழைத்து, யார் வந்து பார்த்தார்கள்? அதை எழுதிய தாள் எங்கே?

"நீ வந்து சொல்லேன்டா," என்றாள் யாகோடா, பொம்மைக் காலை இடித்தபடியே.

"நான் வாயத் தொறந்தா மறுநாள் நானும் சைக்கிள்லேந்து விழுவேன்," என்றான் ப்ரோனெக். "மூணு புள்ளைங்க. உனக்கென்ன, தலை செஞ்சு சுவத்துல மாட்டிட்டுப் போயிடுவ."

"உன் தலையையும் செஞ்சு மாட்டறேன் இரு. வாயத் தச்சு."

லுட்விகா இருவரையும் பார்க்கவில்லை. காலடியில் இருந்த பிளாஸ்டிக் பையை அவிழ்த்தாள். மருத்துவமனையில் திருப்பிக் கொடுத்த செவெரினின் துணிகள்: கட்டம் போட்ட சட்டை, முட்டி தேய்ந்த கால்சட்டை, பூட்ஸ்.

"இதப் போடுங்க," என்றாள்.

யாகோடா கரண்டியை நிறுத்தினாள். "அக்கா, மார்ஜானாவுக்குப் பாவாடதானே கட்டுவோம்."

"என் ஊர்லயும் பாவாடதான். இந்த வருஷம் இது."

மார்ஜானா என்றால் குளிர்காலம். சாவு என்றும் சொல்வார்கள். வசந்தத்தின் முதல் நாள் அவளை வைக்கோலில் செய்து, ஊர் கூடித் தூக்கிப்போய், கொளுத்தி, தண்ணீரில் எறிந்துவிட வேண்டும். எறிந்ததும் திரும்பி நடக்க வேண்டும். யாரும் பின்னால் பார்க்கக் கூடாது. பார்த்தவன் வீட்டில் வருஷம் முடிவதற்குள் நோய் புகும். இது லுட்விகாவுக்கும் தெரியும், மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். பெர்லின் போலீஸுக்குத் தெரியாது.

ஊர்வலத்துக்கு அனுமதி எழுதிக் கேட்டிருந்தார்கள். நெருப்பு கூடாது என்று பதில் வந்தது. தண்ணீரைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நாற்பது பேர் கூடினார்கள். கிழவர்களைத் தூங்கவைத்துவிட்டு இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கி வந்த பெண்கள், துடைப்பத்தோடு வந்த பெண்கள், கொத்தனார்கள் ஆறு பேர், அக்கார்டியன் வாசிக்கிற ஒருவர். ப்ரோனெக் குதிரை முகமூடி மாட்டிக்கொண்டு வந்தான். அவன் உயரத்துக்கும் தும்மலுக்கும் அது எந்த மறைவும் தரவில்லை. "குதிர, உனக்குச் சளியா?" என்று மூன்று பேர் தனித்தனியாக விசாரித்தார்கள். 'மூன்றாம் தட்டிலிருந்து விழுந்தார்' என்று இரண்டு மொழியிலும் எழுதிய துணியை யாகோடா பிடித்துக்கொண்டாள். கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். அவன் விழுந்த கட்டடத்தின் முன்னால் நின்று செவெரின் பெயரைச் சொன்னார்கள். ஞாயிறு என்பதால் கட்டடத்தில் யாரும் இல்லை.

பாலத்துக்கு வந்ததும் அக்கார்டியன் நின்றது. நான்கு பேர் மார்ஜானாவைக் கைப்பிடிச் சுவர்மேல் ஏற்றினார்கள். கட்டம் போட்ட சட்டையில் காற்று புகுந்து தோள் உப்பியது. லுட்விகா பூட்ஸ் கயிற்றை ஒருதரம் இறுக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று சேர்ந்து எண்ணித் தள்ளினார்கள். கீழே பலத்த சத்தம். நாற்பது பேரும் ஒரே திருப்பாகத் திரும்பி, ஒருவரோடு ஒருவர் பேசாமல், பின்னால் பார்க்காமல் நடந்தார்கள்.

எதிர்க்கரையில் நாயோடு நின்றிருந்த ஒரு மனிதர் இதைப் பார்த்தார். நாற்பது பேர் சேர்ந்து ஒரு கட்டடத் தொழிலாளியைக் கால்வாயில் தள்ளிவிட்டு, ஒருவர்கூடத் திரும்பாமல் போகிறார்கள். அவர் ஃபோனை எடுத்தார்.

தெருமுனை தாண்டவில்லை, சைரன் கேட்டது. இரண்டு தீயணைப்பு வண்டி, ஒரு ஆம்புலன்ஸ், பின்னாலேயே டாக்டர் வண்டி. யாகோடா கைக்கடிகாரம் பார்த்தாள். தள்ளிவிட்டு ஆறு நிமிஷம்.

"யாரும் திரும்பாதீங்க," என்றது குதிரை.

லுட்விகா திரும்பினாள். பிறகு ஓடினாள். யாகோடா பின்னால் ஓடினாள்.

கால்வாயில் தலைக்கவசமும் ஒரு கையும்தான் தெரிந்தன. முக்குளிப்பவர் கயிறு கட்டிக்கொண்டு குதித்து, மார்ஜானாவை மார்போடு அணைத்து, மல்லாந்து நீந்தி, காதில் ஏதோ சொல்லிச் சொல்லிக் கரைக்குக் கொண்டுவந்தார். பலகை ஒன்றைத் தண்ணீருக்குள்ளேயே அவள் முதுகுக்கு அடியில் நுழைத்தார்கள். முகமெல்லாம் சேறும் பாசியும் அப்பியிருக்க, மேலே ஏற்றினார்கள். தாடி வைத்த ஓர் இளைஞன் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கையையும் கழுத்துக்கு அடியில் கொடுத்து, முழங்கையைத் தரையில் ஊன்றி, எல்லாரையும் பார்த்துக் கத்தினான்.

"என்ன சொல்றான்?" என்றாள் லுட்விகா.

யாகோடா அவன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி சொல்றான்?"

"யாரும் அசைக்கக் கூடாதாம்க்கா. கழுத்த... ஒரு நூல்கூட அசைக்கக் கூடாதாம்."

டாக்டர் கத்தரிக்கோலால் சட்டையைக் கீழிருந்து மேலாக வெட்டினார். வைக்கோல் வெளியே வந்தது. முக்குளிப்பவர் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு போலீஸ்காரர் வந்தார். வயதானவர், கோபப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அட்டையில் தாளைச் செருகி எழுதினார். யாகோடா அவரிடம் வழக்கத்தையும் வசந்தத்தையும் விளக்கிக்கொண்டிருக்க, லுட்விகா அவர் தோளருகே நின்று பேனாவையே பார்த்தாள். அழைப்பு வந்தது பதினொன்று நாற்பத்தொன்று. வந்து சேர்ந்தது பதினொன்று நாற்பத்தேழு. இடம், பாலத்தின் பெயர். அழைத்தவர் பெயர். சட்டை, கட்டம் போட்டது. கால்சட்டை, வேலைக்குரியது.

"இந்தத் தாள் ஒண்ணு எனக்கு வேணும்னு கேளு."

யாகோடா கேட்டாள். அவர் நிமிர்ந்தார். "அபராதத் தாள் வீட்டுக்கே வரும்மா. இது எதுக்கு?"

"மூணு வாரமா இந்த மாதிரி ஒரு தாளத்தான் தேடறாங்க," என்றாள் யாகோடா. "இவங்க புருஷனுக்கு. அந்த முனையில இருக்கற கட்டடத்துல விழுந்தவர்."

போலீஸ்காரர் தெருமுனையைப் பார்த்தார். "எங்களக் கூப்பிட்டாங்களா?"

"இல்ல."

"கூப்பிட்டிருந்தா வந்திருப்போம்," என்றார். உண்மையாகவே சொன்னார். பேனாவை மூடினார்.

முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு ப்ரோனெக் கரைமேட்டில் நின்றிருந்தான். வியர்த்த முகம் எல்லாருக்கும் தெரிந்தது. அவன் போலீஸ்காரரைப் பார்க்கவில்லை. பலகையின் தலைமாட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கே தாடிக்காரன் இன்னும் கையை எடுக்கவில்லை. யாரும் எடுக்கச் சொல்லவில்லை போலும். சட்டை வெட்டப்பட்டு, குடல் மாதிரி வைக்கோல் சரிந்து, ஈரம் ஓடிக்கொண்டிருந்தது. வண்டியிலிருந்து யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் முதலில் இடது கையை உருவினான். வலது உள்ளங்கையில் தலையைத் தாங்கியபடி பக்கத்தில் கிடந்த துண்டை இழுத்து மடித்து அடியில் வைத்தான். பிறகு அந்தச் சாக்குத் தலையை, மெல்ல, நேராக, அதன்மேல் இறக்கினான்.