மிதித்தால் எரியும்

காலையிலேர்ந்து நாலாவது பள்ளிக்கூடம். தொண்டை கட்டிப்போச்சு, கால் வீங்கிப்போச்சு. "காத்துலயும் கரண்ட் எடுக்கலாம், வெயில்லயும் எடுக்கலாம், நம்ம கால்லயும் எடுக்கலாம் செல்லங்களா. ஆனா ஆள் இல்லாத இடத்துல லைட் எரியவே கூடாது"ன்னு ஒரே பாட்டைப் பாடிப் பாடி எனக்கே என் குரல் புளிச்சுப்போச்சு. அறிவியல் காட்சிக்கூடத்துல எரிசக்தி அறைக்கு விளக்கம் சொல்றவ நான். அறைக்கு ஜன்னல் கிடையாது, எனக்கு நாற்காலி கிடையாது.

பிள்ளைங்க அடிச்சுக்கிறது சைக்கிளுக்குத்தான். நகராத சைக்கிள், முன்னாடி பெரிய குண்டு பல்பு, மேல 'மிதித்தால் எரியும்'னு பலகை. மிதிச்சா எரியாது. அதுதான் விஷயம். மிதிக்கிறதைக் கரண்டாக்குற டைனமோ செத்து மாசக்கணக்காகுது. புதுசு கேட்டா எங்க அதிகாரி "பாத்துக்கலாம்"பார். எதைக் கேட்டாலும் அதேதான், அதனால நாங்க வச்ச பேரு பாத்துக்கலாம் சார்.

அவர் பாத்துக்கிட்ட லட்சணத்தைக் கேளுங்க. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பல்பைச் சுவர் கரண்ட்ல கோத்து, நடுவுல தையல் மிஷின் மோட்டாரோட பெடலை மாட்டி, என் மேஜைக்கு அடியில தள்ளிட்டார். பிள்ளை மெதுவா மிதிச்சா நான் மெதுவா அழுத்தணும். வேகமா மிதிச்சா நல்லா அழுத்தணும். "கொஞ்ச நாளைக்குத்தாம்மா"ன்னார். ஒரு கால் பெடல்ல, உடம்பு பாரம் மொத்தமும் இன்னொரு கால்ல. சாயங்காலம் பஸ்ல ஏறும்போது உசுரு போகும். கரண்டை மிச்சம் பிடிக்கச் சொல்லிக்குடுக்கிற அறையில இந்தக் கூத்து.

அன்னைக்கு அந்த நாலாவது பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வரிசையில நிக்கும்போது, அவர் நன்கொடை தர்றவங்க ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு வந்தார். என் காதுல மட்டும் குசுகுசுன்னார். "சொதப்பிடாதீங்கம்மா. இவங்க பணம் குடுத்தாத்தான் இந்த அறை இருக்கும், அறை இருந்தாத்தான் அடுத்த வருஷம் உங்களுக்கு வேலை." வீட்டுக்காரர் இடுப்பு ஆபரேஷன் பண்ணிப் படுத்ததுலேர்ந்து என் சம்பளத்துலதான் வீட்ல அடுப்பெரியுது.

வரிசையில ஒரு பொண்ணு முண்டியடிச்சு வந்தா. கையும் காலும் குச்சி மாதிரி.

"ஏய் குச்சி, நீ ஏறாத, பல்பு அழும்!" பின்னாடியிருந்து ஒரு பையன் கத்தினான். எல்லாம் சிரிச்சுதுங்க.

அவ காதுலயே வாங்கல. ஏறி மிதிச்சா. நான் அழுத்தினேன். பல்பு மஞ்சளா எரிஞ்சுது. "பாத்தியாடா?"ன்னு அவனைத் திரும்பிப் பார்த்தா பாருங்க, அவ மூஞ்சிக்கே ஒரு பல்பு போட்ட மாதிரி இருந்துச்சு.

பட்டுனு கரண்ட் போச்சு.

கும்மிருட்டு. பிள்ளைங்க ஓன்னு கத்துதுங்க. டீச்சர் செல்போன் டார்ச்சைப் போட்டாங்க. ஜெனரேட்டர் போட ஆள் ஓடுற சத்தம் கேட்டுச்சு. நன்கொடைக்காரர் ஒருத்தர் குஷியாயிட்டார். "சரியான நேரம்! நிறுத்தாம மிதிம்மா, இப்ப நீதான் எங்களுக்கு வெளிச்சம்!"

மிதிச்சா. பாவி மக, என்னமா மிதிச்சா! மூச்சு இரைக்குது, சங்கிலி கடகடங்குது, பல்பு செத்த மீனாட்டம் கிடக்குது.

"நாந்தான் சொன்னேன்ல?" அந்தப் பையன்.

குச்சி இறங்கிட்டா. டீச்சர் பக்கத்துல போய், அழுகையை முழுங்கிக்கிட்டு, "எனக்குக் கால்ல பலமே இல்ல டீச்சர்"ன்னா.

பாத்துக்கலாம் சார் உடனே அவ தலையைத் தடவினார். "பரவால்லம்மா. நல்லா சாப்பிடு. அடுத்த தடவை எரியும்."

அடப்பாவி மனுஷா! உனக்குத் தெரியாதா? எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. என் கால் இன்னும் பெடல் மேலதான் இருந்துச்சு. கரண்ட் வர்றதுக்குள்ள எடுத்துட்டா ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது. அந்தப் பொண்ணு மட்டும் தன் காலைத் திட்டிக்கிட்டே வீட்டுக்குப் போவா. வீட்டுக்காரர் நினைப்பு வந்துச்சு. பயமாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் எடுக்கல. அடிவரைக்கும் அழுத்தினேன்.

ஜெனரேட்டர் உறுமுச்சு. அறை லைட்டோட சேர்ந்து சைக்கிள் பல்பும் பளீர்னு எரிஞ்சுது. சீட்ல யாருமே இல்ல.

சார் மேஜைகிட்ட வந்து பல்லைக் கடிச்சார். "என்னம்மா பண்றீங்க? உங்க வேலை என்னாகும்னு யோசிச்சீங்களா?"

"பாத்துக்கலாம் சார்"னேன்.

அதுக்குள்ள குச்சி பல்புலேர்ந்து ஒயரைக் கண்ணால பிடிச்சுக்கிட்டே வந்து, மேஜைக்கு அடியில குனிஞ்சா. என் வீங்கின காலையும் பெடலையும் பார்த்தா.

"மிஸ், அப்ப என் காலுக்கு ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணுமில்லடி ராஜாத்தி. சைக்கிளுக்குத்தான் உடம்பு சரியில்ல."

நிமிர்ந்தா. அப்புறம் காலி சீட்டைக் காட்டினா.

"அப்ப காலை எடுங்க மிஸ். அங்க ஆளே இல்ல, லைட் எரியுது."

எடுத்தேன். எத்தனையோ மாசம் கழிச்சு அந்த அறையில ரெண்டு காலையும் தரையில ஊனி நின்னேன்.