பசித்த பேய்

செங்கம் ரோட்டு காபிக் கடையின் மாடியில் வெள்ளைத் துணியைக் கட்டி ‘கிணற்றடி மோகினி’யைப் போட்டார்கள். அந்தக் காலத்தில் ஒரு வாரம்கூட ஓடாத படம். இப்போது இதற்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது. மட்டமான பேய்ப் படங்களைத் தேடிப் பிடித்து, சேர்ந்து உட்கார்ந்து சிரிப்பார்கள். சிரித்தாலும், நல்ல படத்தை ஒருமுறை பார்ப்பவர்கள் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்து வசனமெல்லாம் மனப்பாடம் செய்திருந்தார்கள்.

ஏற்பாடு செய்திருந்த இளஞ்செழியன், சகாதேவனை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தான். படப்பிடிப்புக்கு வேன் ஓட்டியவர் என்று மட்டும்தான் அவனுக்குத் தெரியும். பேயாக வருவது அவர் மனைவி அருணாதேவி என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்தில் இருந்த மகள் தென்றலிடமே போன வாரம்தான் சொன்னார்.

தென்றலுக்கு அம்மா என்றால் கூடத்தில் மாலை போட்டிருக்கும் கல்யாண போட்டோதான். கேமராவுக்குப் பயந்து விறைத்த முகம். அவளைப் பெற்றெடுத்த ஆஸ்பத்திரியிலிருந்து அருணாதேவி வீடு திரும்பவில்லை. அம்மா எப்படி நடப்பாள், எப்படிச் சிரிப்பாள் என்று கேட்டால் அப்பா, “நல்லாதாம்மா இருப்பா” என்பதோடு நிறுத்திக்கொள்வார். அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். இத்தனை வயதுக்குமேல் அம்மா நடப்பதைப் பார்க்கப்போகிறோம் என்று காலையிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பா சொன்னது இதுதான்: பேயாக நடிக்க வந்த பெண், அடி அண்ணாமலையில் படம் எடுக்கவிருந்த கிணற்றைப் பார்த்ததும் பயந்து பஸ் ஏறிவிட்டாளாம். லைட்டுக்கு வழியில்லாமல் பௌர்ணமி வெளிச்சத்தை நம்பி வந்த டைரக்டருக்கு, அன்று ஊரே கிரிவலம் வரும் என்பது தெரியவில்லை. கடைசியில் வேனில் கூட வந்திருந்த அருணாதேவியிடம் வெள்ளைப் புடவையைக் கொடுத்துவிட்டார்கள்.

கிணற்றிலிருந்து பேய் ஏறி வந்தது. அதன் பின்னால் மூட்டை முடிச்சோடு ஜனங்கள் மலையைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள். விசில் பறந்தது. அலறல் குரல் யாரோ ஒருத்தியுடையது, வாயோடு ஒட்டவில்லை. தலையை விரித்துப்போட்ட பேய் காலை அகட்டி அகட்டி நடந்து திரும்பியது. எதிரே மலை. அலறிக்கொண்டிருந்தவள், தான் பேய் என்பதையே மறந்து கைகூப்பினாள். கையைக் கண்ணில் ஒற்றி, அப்படியே வயிற்றில் தடவிக்கொண்டாள்.

“பேய்க்குப் பசிக்குதுடா, சோறு போடுங்கடா” என்று மாடியே ஒரே குரலில் கத்தியது. எல்லோரும் காத்திருந்த இடம் அதுதான்.

தென்றலுக்கு முகம் எரிந்தது. அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் எழவில்லை. திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்.

“அப்ப நீ வயித்துல இருந்தம்மா. எந்தச் சாமிய கும்பிட்டாலும் அந்தக் கைய உனக்கு ஒரு வாட்டி தடவி விட்டுடுவா.”

கூட்டம் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டது. இளஞ்செழியன் போட்டான். மறுபடி மலை, மறுபடி கை, மறுபடி சிரிப்பு. தென்றல் மூச்சுவிடாமல் பார்த்தாள். காட்சி முடிந்து படம் வேறு எங்கோ போகத் தொடங்கியது.

“தம்பி,” என்றாள். “இன்னொரு வாட்டி போடுங்க.”

தங்களில் ஒருத்தி என்று நினைத்துப் பின்னாலிருந்தவர்கள் உற்சாகமாகக் கைதட்டினார்கள். இந்த முறை, கை வயிற்றில் பட்ட இடத்தில் இளஞ்செழியன் படத்தை நிறுத்தி வைத்தான். சுற்றிலும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மின்விசிறிக் காற்றில் திரைத்துணி அசைந்தது. அம்மாவின் வயிறு மெல்ல ஏறி, இறங்கியது.