எட்டு மணி ஊசிக்கு முன் ஒரு பாண்

"ஆறு மணித்தியாலம் ஒண்டும் தின்னக் கூடாதெண்டு அச்சடிச்சுக் குடுத்த கடதாசிய மூண்டு தரம் வாசிச்ச மனுசன்—"

"நான் சாப்பிடேல்ல, டோரின். அது அந்தோனியார் கோயில் பாண். ஆசீர்வதிச்சது சாப்பாட்டில—"

"வயித்துக்குத் தெரியுமா அது ஆசீர்வதிச்சதெண்டு?"

"மெதுவாக் கதை. நற்கருணை வாங்கிறம். அதை ஆராவது சாப்பாடெண்டு சொல்றாங்களா?"

"அது நகத்தளவு. உங்கட தங்கச்சி றோஸி நேத்துக் கோயிலால கொண்டுவந்தது பணிஸ் அளவு!"

ஒஸ்வால்ட் பெனியனை உதறினார். துறைமுகத்தில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்தவர். கப்பல் கடதாசியில் ஒரு எழுத்துப் பிழைத்தாலும் திருப்பி அனுப்புகிறவர். அந்த மனுசன் காலை ஆறரைக்கு வார்ட்டுக் குளியலறையில் ஒளித்து நின்று பாண் தின்றிருக்கிறார். பெனியனில் கிடந்த தூள்தான் காட்டிக்கொடுத்தது. சுவர் மணிக்கூட்டில் எட்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

அவர் மனைவி டோரின் கதவுவரை போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள்.

ஜனவரியில் அவர் ஈரலில் இருந்த கட்டி இரண்டு தசம் ஒன்று சென்டிமீற்றர். இப்போது இரண்டு தசம் எட்டு. "மூண்டு சென்டிமீற்றருக்குக் கீழ எண்டா வெட்டுத் தேவையில்ல" என்று டொக்டர் சொல்லியிருந்தார். "ஸ்கானில பார்த்துப் பார்த்து ஊசிய உள்ள விட்டுச் சுட்டுப்போடலாம். அதுக்கு மேல போனா வேற கதை." முதல் கிடைத்த திகதி காய்ச்சலில் போய்விட்டது. இது இரண்டாவது. இதுவும் போனால் இன்னும் மூன்று கிழமை.

"மயக்கத்தில வயித்தில கிடக்கிறது மேல வந்து சுவாசப்பைக்குள்ள போனா?" என்றாள்.

"ஒரு துண்டுப் பாணுக்கா? அந்தோனியார் விடமாட்டார். நீ வாய் திறக்காம இரு, அது காணும்."

"அவருக்கு எத்தினை பேரை எண்டு பார்க்கிறது!"

நேர்ஸ் மிஸ் டில்ஷானி ஃபைலோடு உள்ளே வந்தாள். "அங்கள், மொனவஹரி கேவாத?" ஏதும் சாப்பிட்டாரா என்று சிங்களத்தில் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"நே, மிஸ். ஒண்டும் சாப்பிடேல்ல."

அவள் ஃபைலில் சரி போட்டாள். தள்ளுகட்டில் வந்தது. ஒஸ்வால்ட் ஏறிப் படுத்து, டோரினின் மணிக்கட்டைப் பிடித்து ஒருதரம் அழுத்தினார். கெஞ்சலா, எச்சரிக்கையா? அவளுக்குப் பிடிபடவில்லை. கட்டில் நகர்ந்தது. லிஃப்டுக்கு முன்னால் நின்றது. கதவு திறந்தது.

"மிஸ்!"

டோரின் ஓடினாள். சிங்களத்தில் ஒரே மூச்சில் கொட்டினாள்: ஆறரை மணி, ஒரு பாண், கோயில் பாண், முழுசாத் தின்றுவிட்டார்.

ஒஸ்வால்ட் கண்ணை மூடிக்கொண்டார்.

மிஸ் ஏசவில்லை. கட்டிலைத் திருப்பிவிட்டுப் போனை எடுத்தாள். அவருக்குப் பதில் பக்கத்துக் கட்டில்காரரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சிறிது நேரத்தில் அவள் திரும்பி வந்தாள். "டொக்டர் சொன்னது, ஒண்டரைக்குப் பிறகு மெஷின் ஃப்ரீ எண்டா பார்ப்பாராம். தண்ணி கூட வேணாம். இல்லாட்டி அடுத்த மாசம் ரெண்டாம் திகதி. சொன்னது நல்லது ஆன்ட்டி."

"ஃப்ரீயா வருமா, மிஸ்?"

"தெரியாது ஆன்ட்டி. எமேஜென்சி வந்தா அதுதான் முதல்."

மிஸ் போனதும் ஒஸ்வால்ட் எழும்பிச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஷேர்ட்டை எடுத்தார். முதல் பொத்தானைப் பிழையான துளைக்குள் விட்டார்.

"வீட்ட போவம். உன்னை நம்பி வந்தன் பார்."

"இருங்க."

"மூண்டு சென்டிமீற்றரைத் தாண்டட்டும். பிறகு உன்ர நேர்மைய வச்சுச் சுடு."

இரண்டாவது பொத்தானும் பிழையான துளைக்குள் போனது. டோரின் அதைக் கழற்றிவிடக் கை நீட்டினாள். அவர் தட்டிவிட்டுக் கட்டிலில் ஏறிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார், சப்பாத்தும் காலுமாக. மணி எட்டே கால். அவள் கதிரையில் குந்தினாள், எழும்பினாள், கட்டிலைச் சுற்றி அவர் முகம் தெரிகிற பக்கம் போனாள்.

"ஒஸ்வால்ட், ஒண்டரைக்கு மிஸ் வந்து கூப்பிட்டா, நீங்க போவீங்கதானே?"