சர்க்கரை உறை

அக்காவுக்குத் தலைவலி வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் யாரும் அதை வியாதியாக மதிக்கவில்லை. "வேலைன்னு வந்தா இவளுக்குத் தலை பிடிச்சுக்கும்" என்று அவள் கணவர் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அக்காவும் நெற்றியில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றாள்.

அவளைப் பார்க்க வெளியூரிலிருந்து வந்த தங்கை, பூஞ்சைக் கிருமிகளை ஆராய்கிறவள். கீழே விழுந்த கரண்டியைக் கழுத்தை வளைத்துக் குனிய முடியாமல் அக்கா தரையில் உட்கார்ந்து எடுத்ததைப் பார்த்ததும் அவளுக்குத் திக்கென்றது. மூட்டுவலிக்கென்று அக்கா நாள்பட விழுங்கிவந்த மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை. இப்படிக் கழுத்தும் விறைத்திருந்தால் கிருமி மூளைவரை போயிருக்கலாம்.

"மாமா, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"உங்கக்கா நடிப்புக்கு நீ வேற தாளம் போடாத" என்றார் அவர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தங்கை டிவியை அணைத்தாள். வண்டி பிடித்து அக்காவைக் கைத்தாங்கலாக ஏற்றினாள்.

மருத்துவமனையில் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். ஆய்வுக்கூடத்துக்காரர் அதில் கறுப்பு மையைக் கலந்து மைக்ரோஸ்கோப்பில் வைத்து தங்கையையும் பார்க்கச் சொன்னார். கறுப்புக்குள் வட்ட வட்டமாக வெளிச்சம். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பூஞ்சை. மை புகாத அந்த வளையம்தான் பூஞ்சை போர்த்திக்கொள்ளும் சர்க்கரை உறை. உடம்பின் காவல் செல்களை அது ஏய்த்துவிடும். வருஷக்கணக்காக அவள் ஆராய்ந்துவந்த உறைதான். அழகு என்றுகூட நினைத்திருக்கிறாள். இன்று பார்க்கப் பிடிக்காமல் கண்ணை எடுத்துக்கொண்டாள்.

வெளியே அக்காவின் கணவர் நின்றிருந்தார். "சர்க்கரைன்னு ஏதோ சொல்றாங்க. அவளுக்குத்தான் சுகரே கிடையாதே?"

"அந்தச் சுகர் இல்ல மாமா. மூளைக்குப் போன கிருமி சர்க்கரையைப் போர்த்திட்டு ஒளிஞ்சிருக்கு. அதனால உடம்புக்கு அடையாளம் தெரியல. உடம்புக்காவது அப்படி ஒரு சாக்கு இருக்கு. உங்களுக்கு என்ன சாக்கு?"



வாரக்கணக்கில் நரம்பு வழியே மருந்து ஏறியது. ஒவ்வொரு தடவையும் குளிர்க்காய்ச்சல் அக்காவைத் தூக்கிப் போட்டது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் மூளையில் ஏறியிருந்த அழுத்தத்தில் இடது கண்ணில் பார்வை போய்விட்டது; அது இனித் திரும்பாது.

அது தெரிந்த அன்று கணவர் கட்டிலருகே வந்து, தங்கையைப் பார்த்துச் சொன்னார்: "தப்பு என் மேலதாம்மா. மனசுல வச்சுக்காத."

"தலை வலிச்சது எனக்கு" என்றாள் அக்கா. "மன்னிப்பு அவகிட்டயா?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்? ரெஸ்ட் எடு."

"நான் நடிக்கிறேன்னு யார் யார்கிட்ட சொன்னீங்களோ, அவங்க அத்தனை பேர்கிட்டயும் போய் வலி நிஜம்னு சொல்லிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

அவர் துணைக்குத் தங்கையின் முகத்தைப் பார்த்தார்.

"என்னைப் பார்க்காதீங்க மாமா. அக்கா உங்ககிட்டதான் பேசுறா."

அவர் முணுமுணுத்துக்கொண்டே வெளியேறினார். அக்காவின் கை வெடவெடவென்று நடுங்கியது. காய்ச்சலோ என்று தங்கை தொட்டுப் பார்த்தாள். உடம்பு சுடவில்லை.

"கோவம்டி" என்றாள் அக்கா. "இத்தனை நாள் வலியில அதுக்குக்கூடத் தெம்பில்லாம கிடந்தேன். என்னை உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."